எனக்கு வராத காமாலை

பிரபு,

அம்மா எழுதுகிறேன். போனில் சொன்னால் ஆகாதா என்று கேட்பாய். ஆகாது. போனில் நான் பேசப் பேச நீ "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லிக்கொண்டே வண்டியை ஸ்டார்ட் செய்வது இங்கே ஆம்பூர் வரைக்கும் கேட்கிறது. காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு வண்டி ஓட்ட முடியாது அல்லவா, அதனால்தான் எழுதுகிறேன். நலம்தானே என்று தொடங்கவும் போவதில்லை. அப்படிக் கேட்டுக் கேட்டு நான் செய்த ஒரு தப்பைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். ஒரே மூச்சில் படித்துவிடு. பாதியில் மடித்து வைத்தால் உனக்கு என்மேல் கோபம் மட்டும்தான் மிஞ்சும்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ பேசியதை நான் மறக்கவில்லை. சங்கீதாவுக்குப் பிரசவமாகி ஐம்பது நாள் ஆகிவிட்டது. நெமிலியில் அவள் அம்மா வீட்டில் இருக்கிறாள். நீ அரக்கோணத்தில் இருக்கிறாய். பஸ் ஏறினால் ஒரு குட்டித் தூக்கத்துக்குள் போய்விடலாம். நீயோ இரண்டு வாரமாகப் போகவில்லை. ஏன்டா என்றதற்கு, "அவ மூஞ்சப் பாத்தாலே பேஜாரா இருக்கும்மா. பாப்பாவத் தூக்கவே மாட்றா. அது அழுதாலும் செவுத்தப் பாத்துக்கினு கெடக்கறா. சுத்த சோம்பேறித்தனம்" என்றாய். கேட்டுப் பார்த்தாயா என்றேன். "கேக்காம இருப்பேனா? நல்லாத்தானே இருக்கன்னு கேட்டேன். ம்னு சொன்னா" என்றாய். அப்புறம் என்னைக் கிளப்பப் பார்த்தாய்: "நீதான் ஊர்ல இருக்கற அம்மாங்களுக்கெல்லாம் சொல்லிக் குடுத்தியே, ஒரு நாள் வந்து இவளுக்கும் கிளாஸ் எடேன்." இதெல்லாம்கூட நான் பொறுத்துக்கொள்வேன். போனை வைக்கும்போது ஒன்று சொன்னாய் பார், "சொந்தக்காரங்க கேட்டா அவளுக்கு ரத்தம் கம்மி, அதான் புள்ளயத் தூக்க வேணாம்னு சொல்லிருக்கோம்" என்று. அதைக் கேட்டதும் போனோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். சிக்னல் போய்விட்டது என்று நீ கட் செய்துவிட்டாய். சிக்னல் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது.

நான் பார்த்த வேலை என்னவென்றே உனக்குச் சரியாகத் தெரியாது. "அம்மா ப்ராஜெக்ட்டுக்குப் போறாங்க" என்று நண்பர்களிடம் சொல்வாய், அவ்வளவுதான். நீ ஒன்பதாவது படித்தபோது வேலூரிலிருந்து ஆய்வு செய்கிறவர்கள் வந்தார்கள். குழந்தை வளர்ப்பதே கஷ்டமாக இருக்கிற வீடுகளை எடுத்துக்கொண்டார்கள். அப்பா குடிக்கிற வீடு, அம்மா தனியாக இருக்கிற வீடு, பொழுது விடிந்தால் இரண்டு பேரும் கம்பெனி பஸ் ஏறுகிற வீடு. அப்படிப்பட்ட வீட்டுக்கு, அதே ஊர்க்காரி ஒருத்தி மாதத்துக்கு இரண்டு முறை போய் உட்கார்ந்து, குழந்தையோடு விளையாடி, அம்மாவோடு பேசிவிட்டு வந்தால் அந்தக் குழந்தையின் வளர்ச்சியில் வித்தியாசம் தெரியுமா என்று பார்க்க வேண்டும். அதுதான் ஆய்வு. சீட்டுக் குலுக்கிப் போட்டுத் தெருக்களைப் பிரித்தார்கள். சில தெருக்களில் எடை, உயரம் மட்டும் பார்ப்பார்கள். சில தெருக்களில் எங்களைப் போன்றவர்கள் வீட்டுக்குள்ளேயே போய் உட்காருவோம். பிளஸ் டூ முடித்த, அந்தப் பகுதிப் பெண்கள் வேண்டும் என்றார்கள். நான் போய் நின்றேன், எடுத்துக்கொண்டார்கள்.

உட்கார்ந்தேன் என்று சொன்னேனே, அது பொய். ஆரம்பத்தில் நான் எந்த வீட்டிலும் உட்காரவில்லை. குடையும் பையும் தெருமுனையில் தெரிந்ததுமே அம்மாக்கள் குழந்தையின் மூக்கைத் துடைத்து, தலை சீவி, பவுடர் போட்டு நிறுத்திவிடுவார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. அதுவரை என்னைப் பார்த்து யாரும் எதையும் அவசரமாகத் துடைத்ததில்லை பார். "ஏம்மா, புள்ளகிட்ட பேசினா இன்னா கொறஞ்சா போய்டுவ?" என்று அதட்டுவேன். துணிப் பந்தை உருட்டிக் காட்டுவேன், படம் காட்டுவேன், ஃபார்மில் டிக் அடிப்பேன், கிளம்பிவிடுவேன். அந்த மிதப்போடுதான் வீட்டுக்கும் வருவேன். "அம்மா, நீ என்கிட்டயும் ஃபார்ம் ஃபில் பண்ற மாதிரியே பேசற" என்று நீ ஒரு நாள் சொன்னாய். அதற்கு உனக்கு ஓர் அறை விழுந்தது. உனக்கு நினைவிருக்கும், இந்த மாதிரி விஷயமெல்லாம் உனக்கு மறக்காது. நீ சொன்னது சரிதான். அந்த அறைக்கு இப்போது மன்னிப்புக் கேட்கிறேன். அன்று காலை தெருத்தெருவாகப் போய், பிள்ளைகளை அடிக்காதீர்கள் என்று சொல்லிவிட்டு வந்தவள் நான்.

எங்கள் ஃபார்மில் கடைசிப் பக்கம் அம்மாவைப் பற்றியது. போன ஒரு வாரத்தில் சிரிக்க முடிந்ததா, தூக்கம் வந்ததா, காரணமே இல்லாமல் பயம் வந்ததா, குழந்தை அழும்போது என்ன தோன்றுகிறது, இப்படிச் சில கேள்விகள் இருக்கும். அச்சில் இருப்பதை அப்படியே நிதானமாகப் படிக்க வேண்டும், பதில் வரும்வரை காத்திருக்க வேண்டும் என்று பயிற்சியில் படித்துப் படித்துச் சொன்னார்கள். நான் கேட்ட விதத்தைக் கேள். பையை மூடி, குடையைக் கையில் எடுத்து, 'பிரச்சினை இல்லை' என்ற கட்டத்தில் பேனாவை முதலிலேயே ஊன்றிக்கொண்டு, "தூக்கமெல்லாம் வருது இல்ல? சிரிப்பு பேச்செல்லாம் இருக்கு இல்ல? பயம் கியம் ஒண்ணும் இல்லியே?" என்பேன். கிளம்பி நிற்கிறவளிடம், ஆமாம், எனக்கு வாழவே பிடிக்கவில்லை என்று யார் சொல்லுவாள்? எல்லோரும் தலையாட்டினார்கள். எல்லா ஃபார்மிலும் ஒரே வரிசையில் டிக். என் கையெழுத்தும் அழகாக இருக்கும், பார்க்க லட்சணமாக இருந்தது.

எங்களுக்கு மேலே ஷீலா மேடம் என்று ஒருவர் இருந்தார். மெல்லிய குரலில் பேசுவார், ஆனால் விடமாட்டார். ஒரு நாள் என் ஃபார்ம்களையெல்லாம் மேசைமேல் வரிசையாகப் பரப்பி வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். "உங்க ஏரியால மட்டும் ஒரு அம்மாகூட அழல. ஒருத்தருக்குக்கூட தூக்கம் கெடல. எப்படிம்மா?" என்றார். எனக்குச் சுருக்கென்றது. "எங்க ஜனங்க தைரியசாலிங்க மேடம்" என்றேன். அவர் சிரித்துவிட்டு, "அப்ப அந்தத் தைரியத்த நானும் பாக்கணுமே. நாளைக்கு வரேன்" என்றார்.

மறுநாள் ஜான்சி வீட்டுக்குப் போனோம். ஜான்சி வீட்டிலேயே ஷூவுக்கு மேல்பாகம் தைக்கிறவள். ஏஜென்ட் மூட்டையாகக் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போவான், இவள் வாசல் வெளிச்சத்தில் உட்கார்ந்து ஊசியால் தைத்துக்கொண்டே இருப்பாள். புருஷன் ராணிப்பேட்டைப் பக்கம் வேலைக்குப் போனவன், எப்போதாவது வருவான். ஒன்றரை வயதுப் பெண் குழந்தை, மூலையில் தோல் துண்டுகளுக்கு நடுவில் சத்தமே இல்லாமல் உட்கார்ந்திருக்கும். 'விளையாட்டுப் பொருள் உள்ளதா' என்ற இடத்தில் நான் எப்போதும் இல்லை என்று போடுவேன். அன்றும் வழக்கம்போல நின்றுகொண்டே கேட்டேன். ஜான்சி தலை நிமிராமல், "ஒண்ணும் இல்லக்கா" என்றாள். நான் டிக் அடித்துவிட்டு, பார்த்தீர்களா என்பது போல மேடத்தைப் பார்த்தேன். தெருவுக்கு வந்ததும் அவர் சொன்னார்: "நீங்க கேள்வி கேக்கலம்மா. பதில நீங்களே எழுதிட்டு அவங்ககிட்ட கையெழுத்து வாங்கறீங்க. எதுக்கு இவ்ளோ பயப்படறீங்க?"

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. ஏசி ரூமில் உட்கார்ந்திருக்கிறவளுக்கு என்ன தெரியும் என்று பஸ்ஸில் வாய்க்குள்ளேயே திட்டிக்கொண்டு வந்தேன். அவரோ என்னோடு வெயிலில்தான் நடந்திருந்தார். அன்று உனக்குச் சாப்பாடு போடும்போது தட்டை டொக்கென்று வைத்தேன். உன் அப்பா நிமிர்ந்து பார்த்தார். ஆத்திரத்துக்குக் காரணம் எனக்குத் தெரியும். மேடம் கண்டுபிடித்துவிட்டார். நான் பயந்தேன்தான். யாராவது ஒருத்தி ஆமாம் என்று சொல்லிவிட்டால் மீதியையும் நான் கேட்க வேண்டும். அவள் என்ன சொல்லுவாள் என்பது எனக்கு மனப்பாடம்.

அடுத்த வாரம் ஜான்சி வீட்டுக்குத் தனியாகப் போனேன். குடையை மூலையில் சாத்தினேன், செருப்பை ஓரமாகக் கழற்றினேன், அவள் எதிரில் தரையில் உட்கார்ந்தேன். பேனாவை மூடி மடியில் வைத்துக்கொண்டு அச்சில் இருந்தபடி கேட்டேன். "கொழந்த அழும்போது உனக்கு இன்னா தோணுது ஜான்சி?" பிறகு வாயை மூடிக்கொண்டேன். என்னைப் போல வாயாடிக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியும். ஊசி ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது. வெளியே ஒரு கம்பெனி வேன் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, "ஒண்ணும் தோணாதுக்கா. பக்கத்து வூட்டுக் கொழந்த அழுவற மாதிரி இருக்கும். யாராச்சும் தூக்கக்கூடாதான்னு நெனப்பேன். அப்புறம்தான், அய்யோ இது நம்மதாச்சேன்னு தோணும்" என்றாள். இந்த இடத்தில் என்ன சொல்ல வேண்டும் என்று பயிற்சி கொடுத்திருந்தார்கள். அதில் ஒரு வார்த்தைகூட எனக்கு வரவில்லை. "எனக்கும் அப்டித்தான் இருந்துச்சு" என்றேன். அதுவரை நான் யாரிடமும் சொல்லாததை, அந்தத் தோல் மூட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, என்னைவிட எவ்வளவோ சின்னவளிடம் சொன்னேன். அவளிடம் சொன்னதைத்தான் உன்னிடமும் சொல்ல வேண்டும்.

பிரபு, நீ பிறந்ததிலிருந்து கிட்டத்தட்ட மூன்று மாதம் நான் உன்னைத் தூக்கவில்லை. குடியாத்தத்தில் என் அம்மா வீட்டில் பிரசவம். எல்லோரும் ஆண் குழந்தை, ஆண் குழந்தை என்று கொண்டாடினார்கள். என் பக்கத்தில் கொண்டுவந்து போட்டார்கள். எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. பஸ்ஸில் பக்கத்து சீட்டில் யாரோ வைத்துவிட்டுப் போன பையைப் பார்ப்பது போலப் பார்த்தேன். நாளாக ஆக, அது பயமாக மாறியது. குளிப்பாட்டும்போது என் கையிலிருந்து நழுவிவிடுவாயோ என்று பயம், நீ அழுதால் பயம், அழாமல் இருந்தால் அதைவிடப் பயம். இந்தக் குழந்தை வேறு யாருக்காவது பிறந்திருக்கக் கூடாதா என்றுகூட நினைத்திருக்கிறேன். எழுதும்போது கை கூசுகிறது. ஆனால் எழுதத்தான் வேண்டும். கதவுப் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்துக்கிடந்தேன். சங்கீதாவைச் சோம்பேறி என்று உன்னைச் சொல்ல வைத்ததே, அதே கிடைதான்.

பெற்ற பிள்ளையைத் தூக்காதவள் என்று ஊரில் பேசினால் மானம் போய்விடும் என்று என் வீட்டார் பயந்தார்கள். எனக்குக் காமாலை, அது குழந்தைக்கு ஒட்டிக்கொள்ளும், அதனால் தனியாக வைத்திருக்கிறோம் என்று சொல்லிவிட்டார்கள். சொன்னால் போதுமா, நிரூபிக்க வேண்டாமா? தினமும் காலையில் வெறும் வயிற்றில் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தார்கள். உப்பில்லை, எண்ணெய் இல்லை. இல்லாத நோய்க்கு மூன்று மாதம் பத்தியம் இருந்தவள் இந்த ஜில்லாவிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். கடைசியில் எனக்கே சந்தேகம் வந்து, கண்ணாடியில் கண் மஞ்சளாக இருக்கிறதா என்று பார்த்திருக்கிறேன். மஞ்சளாக இருந்தால் தேவலை என்றிருந்தது. காமாலை என்றால் நாலு பேர் வந்து பார்ப்பார்கள், பாவம் என்பார்கள். எனக்கு இருந்ததற்குப் பெயரும் தெரியாது, வந்து கேட்பவரும் இல்லை.

ஒருவர் மட்டும் வந்தார். உன் அப்பா அப்போது தோல் ஷாப்பில், தோல் பதனிடுகிற டிரம் ஓட்டிக்கொண்டிருந்தார். வேலை முடிந்ததும் ஆம்பூரில் பஸ் ஏறி, வாரத்தில் மூன்று நாளாவது வந்துவிடுவார். வந்ததும் சீயக்காயும் எலுமிச்சைத் தோலும் போட்டு முழங்கை வரை தேய்த்துக் கழுவுவார். அப்படியும் தோல் வாடை போகாது. மூக்கைச் சுளிக்கும் என் வீட்டாரைக் கண்டுகொள்ளாமல் உன்னைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டு என் பாயின் ஓரத்தில் உட்காருவார். என்னைத் தூக்கச் சொன்னதே இல்லை. ஷாப்பில் இன்றைக்கு ஆட்டுத்தோல் லோடு வந்தது, பெல்ட் அறுந்துபோனது, மேஸ்திரி கத்தினான் என்று சுவரிடம் பேசுவது போல என் முதுகிடம் பேசிக்கொண்டிருப்பார். ஒரு நாள் பேச்சை நிறுத்திவிட்டு, "இந்தப் புள்ளயப் பாத்தா உனக்கு இன்னா தோணுது?" என்று கேட்டார். வேறு யாராக இருந்தாலும் பொய் சொல்லியிருப்பேன். "ஒண்ணும் தோணல" என்றேன். எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன். "சரி" என்றார். எழுந்திருக்கவில்லை. கடைசி பஸ்ஸுக்கு நேரமாகும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தார். இரண்டு நாள் கழித்து மறுபடியும் வந்தார்.

அதற்குப் பிறகு எல்லாம் உடனே மாறிவிட்டது என்று சொன்னால் அது சினிமா. இன்னும் பல வாரம் ஆனது. ஒரு சாயங்காலம் நீ அவர் மடியில் கிடந்தபோது, அவர் சட்டை வாடை மூக்கில் ஏறி, வரிசையாக மூன்று தும்மல் போட்டாய். மூன்றாவது தும்மலுக்கு நீயே திடுக்கிட்டுக் கண்ணை உருட்டிக்கொண்டு உன் அப்பாவை முறைத்தாய். நான் சிரித்துவிட்டேன். சமையலறையிலிருந்து எல்லோரும் ஓடிவந்தார்கள். அவர் அவர்களைப் பார்த்துப் போங்கள் என்று கையைக் காட்டினார். எனக்கு அன்று முழுசாகச் சரியாகவில்லை. ஆனால் நான் சுவரிலிருந்து இந்தப் பக்கம் திரும்பியது அன்றுதான்.

ஜான்சி கதையை முடித்துவிடுகிறேன். நடந்ததை மறைக்காமல் ஷீலா மேடத்திடம் சொன்னேன். சொந்தக் கதையை நடுவில் கலந்ததால் அந்த ஃபார்மை ஆய்வில் சேர்க்க முடியாது என்று குறுக்கே கோடு போட்டார். பிறகு, "வாங்க, ஜான்சியக் கூட்டிக்கினு டாக்டர்கிட்ட போலாம்" என்றார். இதற்கென்றே டாக்டர் இருக்கிறார், மருந்து இருக்கிறது, இதற்கு ஒரு பெயரும் இருக்கிறது என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. அவள் குணமாகச் சில மாதம் பிடித்தது. ஒரு நாள் நான் போனபோது ஜான்சி ஒரு தோல் துண்டைத் தூக்கிக் காட்டி, "ரோஸி, இதுக்கு ஜோடி எங்கடி?" என்றாள். அந்தக் குழந்தை குவியலில் துழாவி, இடது காலுக்கு வலது காலைச் சரியாக எடுத்துக் கொடுத்தது. எவ்வளவு நாளாகத் தனியாக உட்கார்ந்து அதுவே கற்றுக்கொண்டிருந்ததோ! விளையாட்டுப் பொருள் இல்லை என்று அத்தனை மாதம் எழுதிய என் கையை என்ன செய்வது, சொல்.

மற்ற வீடுகளுக்கும் மறுபடி போனேன், உட்கார்ந்தேன், கேட்டேன், காத்திருந்தேன். பெரும்பாலானவர்கள் உண்மையாகவே நன்றாக இருந்தார்கள். சிலர் இல்லை. அதில் ஒருத்தி, தெருவிலேயே சுத்தமான வீடு என்று நான் மற்றவர்களுக்கு உதாரணம் காட்டிக்கொண்டிருந்தவள். ஒரு வருஷமாக மாதத்துக்கு இரண்டு முறை அவள் வாசலில் நின்று, ஒன்றும் இல்லையே என்று கேட்டுவிட்டுப் போயிருக்கிறேன். "இப்பத்தான் கேக்கறீங்க" என்றாள், அவ்வளவுதான். அந்த ஆய்வில் கடைசியில் என்ன தெரிந்தது என்று வேலூரில் ஒரு கூட்டம் போட்டுச் சொன்னார்கள். கோடு கோடாகப் படம் காட்டினார்கள், பாதி இங்கிலீஷ், பாதி எனக்குத் தலைக்கு மேலே போய்விட்டது. அந்தப் பெண் சொன்ன இரண்டு வார்த்தைதான் என்னிடம் மிஞ்சியிருக்கிறது.

இவ்வளவு தெரிந்தவள் ஏன் என்னிடம் மறைத்தாய் என்று கேட்பாய். பயம்தான், வேறென்ன. நீ சின்ன வயதிலிருந்தே எனக்குக் காமாலை வந்த உடம்பு என்று காவல் காக்கிறாய். பிரியாணி சாப்பிட உட்கார்ந்தால் எண்ணெய் ஜாஸ்தி என்று என் தட்டை இழுக்கிறாய். எந்த டாக்டரிடம் போனாலும் நான் வாயைத் திறப்பதற்குள், "நான் பொறந்தப்ப அம்மாவுக்குக் காமாலை சார்" என்று நீயே சொல்லிவிடுகிறாய். உன் பெண்டாட்டி கல்யாணமாகி வந்த புதிதில், யாரும் சொல்லாமலே எனக்குத் தனியாக எண்ணெய் குறைத்துக் குழம்பு வைத்தாள். நீதானே சொல்லியிருப்பாய். அந்தக் குழம்பை ஊற்றிச் சாப்பிடும்போதெல்லாம் சொல்லிவிடலாமா என்று நாக்கு நுனிவரை வரும். சொன்னால் நீ என்னை எப்படிப் பார்ப்பாயோ என்று விழுங்கிவிடுவேன். இதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நாள் என்னோடு பேசப் பிடிக்கவில்லை என்றால் பேசாதே. நான் அழுவேன், ஆனால் தாங்கிக்கொள்வேன். அவளிடம் பேசாமல் இருக்காதே.

கிளாஸ் எடுக்க நான் வரமாட்டேன். மாமியார் குடையும் பையுமாக வந்து வாசலில் நின்றால் அவள் எழுந்து குழந்தைக்குப் பவுடர் போடுவாள், அவ்வளவுதான் நடக்கும். நீ போக வேண்டும். நாளைக்கே போ. பழம், ஹார்லிக்ஸ் என்று எதையாவது தூக்கிக்கொண்டு நோயாளியைப் பார்க்கப் போவது போலப் போகாதே. முதலில் கைகால் கழுவிவிட்டுப் பாப்பாவை நீ தூக்கு. உனக்குத் தூக்கத் தெரியாது என்று சொல்லாதே, தோல் ஷாப்புக்காரருக்கே தெரிந்திருந்தது. அவள் பக்கத்தில் தரையில் உட்கார். வண்டிச் சாவியைப் பாக்கெட்டில் போட்டுவிடு, விரலில் சுற்றிக்கொண்டிருக்காதே. எப்படி இருக்கிறது என்று கேள். கேட்டுவிட்டு நிறுத்து. அவள் சொல்வது உனக்குப் பிடிக்காததாக இருக்கலாம், பயமாகவும் இருக்கலாம். சரி என்று சொல். எழுந்து போகாதே. உன் மாமியாரிடம் ரத்தம் கம்மி என்ற பேச்சை நிறுத்தச் சொல்லி, இந்த வாரத்துக்குள் அவளை வேலூரில் டாக்டரிடம் கூட்டிப்போ. அவள் விரும்பினால் நானும் வருகிறேன். இல்லையென்றால் வெளியே பெஞ்சில் பாப்பாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். தன்னையோ குழந்தையையோ ஏதாவது செய்துகொள்ளலாம் என்பது போல ஒரு வார்த்தை அவள் வாயில் வந்தால், வாரக் கணக்கெல்லாம் பார்க்காதே, அப்போதே கிளம்பு, ஒரு நிமிஷம்கூட அவளைத் தனியாக விடாதே.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது உன் அப்பா வந்து எட்டிப் பார்த்தார். "இன்னா, பெரிய ஃபார்மா இருக்குது?" என்றார். யாருக்கு, எதைப் பற்றி என்று சொன்னேன். நீ பிறந்த கதையை நாங்கள் இருவரும் வாய் திறந்து பேசி எத்தனை வருஷமோ. பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பிறகு, "எழுதிடு. இல்லன்னா அந்தப் பொண்ணுக்கும் எதனா அரச்சிக் குடுத்துக்கினே இருப்பாங்க" என்றார். இத்தனை வருஷத்துக்குப் பிறகு கீழாநெல்லி வாசனை எனக்கு மூக்கில் ஏறியது.

அவள் வாயே திறக்கவில்லை என்றால் என்ன செய்வது என்று கேட்பாய். திறக்க மாட்டாள், முதல் நாளிலேயே ஏன் திறக்க வேண்டும்? நீ முதலில் சொல். எனக்கென்று தனியாகக் குழம்பு வைத்தவள் அவள், அவளுக்கு உடனே புரியும். சுவரைப் பார்த்துக்கொண்டுதான் இருப்பாள், பரவாயில்லை, அவள் முதுகிடமே சொல்: எங்க அம்மாவுக்குக் காமாலை வரவே இல்ல, சங்கீதா.

அம்மா